மோட்டார் ரூமில் ஒரு பிடி மண்

தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கேரள எல்லையோர எருத்தேன்பதியில் ஒரு பெண்பிள்ளை எங்கே நடப்பது என்று அவர் சொல்லவில்லை. கோயமுத்தூரில் ஏசி அறைக்குள் உட்கார்ந்து ஊர்ப்பட்டவர்களின் சர்க்கரையைப் பார்க்கிறவருக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும், பாவம்.

வனிதா நாற்பதைத் தாண்டியவள். கணவர் ஆறுமுகசாமிக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் கடலைக்காடும் நாலு மாடும் இருந்தன. ஒரே மகன் சென்னையில் படித்து முடித்து அங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டான். விடிந்தால் பால் கறப்பது, சாணி அள்ளுவது, ஆள்காரர்களுக்குச் சோறாக்குவது, தோப்பில் தண்ணீர் திருப்பிவிடுவது என்று அவள் கால் ஓய்ந்த நேரமே கிடையாது. இதைவிடவா நடக்கணும் என்று டாக்டரிடம் கேட்டும் பார்த்தாள். வேலை வேறு, நடை வேறு என்று அவர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

சரியென்று முதல் நாள் மாலை ரோட்டில் இறங்கினாள். பால் சொசைட்டி வாசலில் இருந்த நாலு பேரும் எங்க போறீங்க என்று கேட்டார்கள். சும்மா நடக்கறனுங்க என்றாள். சும்மாவா என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் டிராக்டரில் வந்த ஒருவர், வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். அந்த வாரக் கடைசியில், வனிதா கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போகிறாள் என்ற செய்தி அவளுக்கு முன்னால் தோப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறுமுகசாமி உடுத்தியிருந்த அழுக்கு வேட்டியோடு ஸ்கூட்டரை முடுக்கிக்கொண்டு வந்து, ரோட்டிலேயே வழிமறித்து, நான் என்ன பண்ணிப்போட்டேன் சொல்லு என்று கேட்டார். வேலை இருந்தால்தான் நம்மூரில் கால் நகரலாம். வெறுங்கையை வீசிக்கொண்டு போகிறவளை ஊர் விடாது.

அதற்குப் பிறகுதான் சுஷ்மா வந்தாள். சாப்பிட்டபின் ரத்தம் கொடுப்பதற்காக ஆஸ்பத்திரி பெஞ்சில் காத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். பாலக்காட்டில் கல்பாத்திக்காரி, கோயமுத்தூரில் பேங்க் வேலை, அவளுக்கும் சர்க்கரை. வனிதாவின் புலம்பலைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "நடக்கறதுன்னா எங்களோட வாங்கோ. மனுஷாளே இல்லாத இடமாத்தான் பாத்துப் போறோம். யாரும் ஒண்ணும் கேக்க மாட்டா" என்றாள்.

விஷயம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் கோயமுத்தூரிலிருந்து ஏழெட்டுப் பேர் கிளம்பி, சுற்று வட்டாரத்தில் ஆள் விட்டுப்போன இடங்களைத் தேடி நடக்கிறார்கள். அதற்கு ஒரு கூட்டம், அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு. காசு கொடுத்துப் பங்களாவைப் பார்க்கப் போகிறவர்கள் உண்டு. இடிந்த பங்களாவைப் பார்க்க முள்ளுக்குள் போகிறவர்களும் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். டாக்டர் சொன்னது என்ற ஒரே காரணத்துக்காக ஆறுமுகசாமி தலையாட்டினார். அவருடைய அம்மா மருதாத்தாள்தான் முகத்தைச் சுளித்தாள். பாழடைஞ்ச எடத்துக்கெல்லாம் நம்ம ஊட்டுப் பொம்பளைங்க போறதில்லை, ஏதாச்சும் ஒண்ணுன்னா அன்னைக்கே நிறுத்தீரோணும் என்று சொல்லித்தான் விட்டாள். அந்த வார்த்தையை வனிதா எந்த ஞாயிற்றுக்கிழமையும் மறந்ததில்லை.

அப்படி என்னத்தைக் கண்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. புகைபோக்கி மட்டும் நிற்கிற செங்கல் சூளை, ரயில் பாதையோரம் கூரை போன குவார்ட்டர்ஸ், வரி வசூல் நின்றபின் பூட்டிக் கிடக்கிற பழைய செக்போஸ்ட், தண்ணீர் தேங்கிய கல்குவாரி. ஒருமுறை வேன் பிடித்து மூணாறு வரை போய், மேலே மூடுபனிக்குள் நிற்கிற பழைய ரோப்வே தூண்களையும் பார்த்துவிட்டு வந்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே ஒரு சங்கதிதான் அவளுக்குப் பிடித்தது. அங்கே யாரும் அவளை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. அடுப்பில் என்ன, மாட்டுக்கு வைத்தாயா, மகனுக்கு எப்போது கல்யாணம், ஒன்றும் கிடையாது. உடைந்த ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு அவள் பாட்டுக்கு நிற்கலாம். வாரம் முழுக்க அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துக்கொண்டுதான் சாணி அள்ளினாள்.

மற்றவர்கள் போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். வனிதாவின் போனில் கேமரா பட்டுப்போய் வெகுநாளாயிற்று. அவள் விவசாயி வீட்டில் பிறந்தவள். புது இடத்துக்குப் போனால் குனிந்து மண்ணை எடுத்து விரலில் தேய்த்துப் பார்க்காமல் இருக்க மாட்டாள். அப்படித் தேய்த்ததைக் கீழே போட மனசில்லாமல் ஒரு நாள் தண்ணீர் பாட்டிலில் போட்டுக்கொண்டு வந்தாள். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு பிடி. வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில்களும் ஜாம் பாட்டில்களும் பரண்மேல் வரிசை கட்டின. சூளை மண் சிவப்பு, குவாரி மண் சாம்பல், மூணாற்று மண் ஈரம் காய்ந்தும் கறுப்பு. கோயில் என்று ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு ஒதுங்கிவிடுவாள். அங்கே மண்ணைத் தொடுவதில்லை.

சித்திரை வெயிலில் ஒரு ஞாயிறு கருக்கம்பதிக்குப் போனார்கள். மலையடிவாரத்தில் ஆளில்லாமல் கிடக்கிற ஒரு பழைய குடியிருப்பு. கிணறுகள் வற்றிப்போய் ஜனங்கள் எல்லாம் வாய்க்கால் ஓரத்துக்குக் குடிபெயர்ந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. வேலிக்காத்தான் முள்ளை விலக்கிக்கொண்டு போனால் அங்கங்கே குட்டிச்சுவர்கள், உடைந்த ஆட்டுக்கல், ஒரு மேடையும் அதன்மேல் சாய்ந்து கிடந்த கோயில் கல்லும். வனிதா வழக்கம்போலத் தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். கொஞ்சம் தள்ளி ஒரு வேப்பமரம், அதன் கீழே பாதி இடிந்த வட்டச் சுவர். ஊர் முழுக்கச் சுக்கான் கல்லும் செம்மண்ணுமாக இருக்க, அந்த வட்டத்துக்குள் மட்டும் மண் கருகருவென்று பொலபொலத்து இருந்தது. அவளுக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு பிடி அள்ளினாள்.

பாட்டில் அன்றைக்குப் பார்த்துப் பாறையில் விழுந்து உடைந்து தொலைத்தது. சாப்பாடு கட்டிக்கொண்டு வந்த துணிப்பை இருந்தது. யார் கல்யாணத்திலோ கொடுத்த மஞ்சள் தாம்பூலப் பை. அதில் மண்ணைக் கொட்டி வாயை முடிந்து கையில் பிடித்துக்கொண்டாள். வேலந்தாவளத்தில் பஸ் மாறினால் உள்ளே நிற்க இடமில்லை. காலடியில் யாரோ கோழிக் கூடையை வைத்திருந்தார்கள். பையைக் கீழே வைக்க வழியில்லாமல் கையிலேயே தூக்கிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றுமுன்பே தோப்பிலிருந்து ஆறுமுகசாமி கூப்பிட்டார். ஸ்டார்ட்டர் பெட்டி சத்தம் போடுகிறது, டார்ச்சை எடுத்துக்கொண்டு வா என்றார். அப்படியே மோட்டார் ரூமுக்குப் போனாள். டார்ச்சு பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பையை ஸ்டார்ட்டருக்குக் கீழே இருந்த திட்டில் வைத்தாள். வைத்தவள் மறந்தும் போனாள்.

செவ்வாய்க்கிழமை மோட்டார் எரிந்துபோனது.

மருதாத்தாளுக்கு எழுபதைத் தாண்டியும் தோப்பை ஒருமுறை சுற்றி வராவிட்டால் சோறு இறங்காது. மோட்டார் ஏன் ஓடவில்லை என்று பார்க்க உள்ளே நுழைந்தவள், திட்டில் மஞ்சள் முடிச்சைப் பார்த்தாள். அவிழ்த்தாள். உள்ளே கறுத்த மண். மண்ணோடு ஒரு விரலி மஞ்சள், ஒரு கொட்டைப்பாக்கு. கல்யாண வீட்டில் போட்டது பையின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. வனிதா உதறிப் பார்த்தாளா என்ன. கிழவி அப்படியே இரண்டடி பின்னால் வந்து செருப்பைக் கழற்றிவிட்டாள்.

அந்தப் பக்கத்து ஜனங்களுக்கு அதற்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே குலசாமியைக் கும்பிடுகிற ஒரு கூட்டம் ஊரை விட்டுக் கிளம்பினால், கோயில் மண்ணில் ஒரு பிடி அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து, மஞ்சளும் பாக்கும் சேர்த்துக் கையிலேயே கொண்டு போவார்கள். பிடிமண் என்பது அதற்குப் பெயர். அந்த மண்ணில் சாமி கூடவே வரும். வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. முதலில் எங்கே இறக்குகிறார்களோ அங்கே சாமி உட்கார்ந்துவிடும். அப்புறம் அதைக் கிளப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. கோயில் கட்டியே ஆகவேண்டும், வருஷா வருஷம் கிடாய் வெட்டியே தீரவேண்டும்.

வனிதா தொழுவத்தில் இருந்தாள். மருதாத்தாள் வந்து எதிரே நின்றாள். சத்தம் போடவில்லை.

"அம்மிணி, எந்தச் சாமியக் கூட்டியாந்த?"

முதலில் வனிதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த சாணிக்கூடை நழுவியது. அது சும்மா மண்ணுங்க அத்தை என்று சொல்லத் தொடங்கி, மஞ்சள் பை, பாக்கு, பஸ்ஸில் கீழே வைக்காதது, நேராக மோட்டார் ரூமுக்குப் போனது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவளுக்கே தன் வாயை நம்ப முடியவில்லை. பூசாரியை வைத்துச் செய்திருந்தால்கூட இவ்வளவு முறையாகச் செய்திருக்க முடியாது. கருக்கம்பதி என்ற பேரைக் கேட்டதும் மருதாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். கோயிலிலிருந்து எடுக்கவில்லை, மரத்தடியில்தான் என்று மருமகள் சொன்னது காதில் ஏறவே இல்லை. அந்த மண்ணைப் பாத்தாத் தெரியலையா, பொங்க வெச்சுப் பொங்க வெச்சுக் கருத்த மண்ணு என்று சொல்லிவிட்டு, கற்பூரம் வாங்கி வர ஆள் அனுப்பினாள்.

அன்று மத்தியானமே தீர்ப்பு வந்தது. அடுத்தவர்கள் சாமியைத் திருடிக்கொண்டு வந்தாயிற்று. அந்தக் கூட்டத்தார் கேட்டால் என்ன பதில் சொல்வது? நம் குலசாமி கேட்டால்? இனி ஞாயிற்றுக்கிழமை நடை கிடையாது. சர்க்கரைக்கு மாத்திரை இருக்கிறதல்லவா, இரண்டாகப் போட்டுக்கொள்ளட்டும். வனிதா கணவரைப் பார்த்தாள். அவர் மாட்டைப் பார்த்தார். அப்புறம், ஆத்தா சொல்றதுலயும் ஞாயம் இருக்குதல்ல என்று மாட்டிடமே சொன்னார். அடப் பாவி மனுசா என்று வனிதா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வேறு என்ன செய்வது?

மோட்டாரைப் பிரிக்க வேண்டுமானால் மோட்டார் ரூமுக்குள் போக வேண்டும். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மெக்கானிக் ஜினோ பைக்கில் வந்து இறங்கினான். செருப்பைக் கழற்றினால் போதாது, குளித்துவிட்டு வரவேண்டும், அப்போதும் ஸ்டார்ட்டரைத் தொடக் கூடாது, அதற்குக் கீழேதான் சாமி இருக்கிறது என்று மருதாத்தாள் வாசலை மறித்து நின்றாள். ஸ்டார்ட்டரைத் தொடாமல் மோட்டாரை எப்படி நன்னாக்குறது என்று அவன் கேட்டுப் பார்த்தான். டீ குடித்துவிட்டுப் போனான். தோப்பில் போன ஆடியில் வைத்த தென்னம்பிள்ளைகள் இலை மடங்க ஆரம்பித்தன. மாட்டுக்குப் பக்கத்துத் தோப்பிலிருந்து ஓஸ் போட்டுத் தண்ணீர் வாங்கினார்கள். வீட்டில் எல்லோரும் மோட்டார் ரூம் பக்கம் போகும்போது தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வனிதாவும்தான். அவளுக்கும் பயம் இருந்தது. இல்லையென்று எப்படிச் சொல்வது? யாரும் பார்க்காதபோது வாசலுக்கு வெளியே நின்று, சாமி, நான் தெரியாமச் செஞ்சுட்டேன், எம்மேல கோவம்னா என்னோட வெச்சுக்க, தென்னம்பிள்ளைங்க என்ன பண்ணுச்சு என்று கேட்டும் பார்த்தாள்.

வியாழக்கிழமை மாமியார் கண்ணயர்ந்திருப்பாள் என்று நினைத்து, பரணிலிருந்து பாட்டில்களை இறக்கினாள். எல்லாவற்றையும் வேலியோரம் கொட்டித் தீர்த்துவிடுவது என்று முடிவு. போகத்தான் போவதில்லை, இது எதற்கு? முதல் பாட்டிலின் மூடியைத் திருகினாள். மூணாற்று மண். அந்தப் பனியும், தூணுக்குக் கீழே உட்கார்ந்து ஏழெட்டுப் பேரும் பகிர்ந்து தின்ற தக்காளிச் சோறும் ஞாபகம் வந்தன. கொட்ட முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். ஊரார் நிலத்தில் ஓர் ஏக்கராவா கேட்டாள்? ஒரு பிடிதானே எடுத்தாள்.

மருதாத்தாள் கண்ணயரவில்லை. நிலையில் கையை ஊன்றிக்கொண்டு நின்று அத்தனை பாட்டில்களையும் பார்த்தாள். ஒரு சாமியா, இரண்டு சாமியா, பரண் முழுக்க அல்லவா குடியிருக்கிறது! ஒவ்வொரு பாட்டிலாகத் தொட்டுத் தொட்டு, இது எங்கெ, அங்க கோயில் இருந்துச்சா என்று விசாரித்தாள். செக்போஸ்டுல என்ன சாமிங்க அத்தை என்று வனிதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். சூளை, குவாரி, ரயில்வே குவார்ட்டர்ஸ், இடிந்த பங்களா. கேட்டு முடித்தபோது மருதாத்தாளின் குரல் மாறியிருந்தது. இத்தனை ஊருக்கா நடந்து போய்ட்டு வந்த என்றாள். அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பழனிக்கும் பாலக்காட்டு ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறெங்கும் போனதில்லை. பாட்டில்களைத் திரும்ப அடுக்கி வைக்க ஒரு கை கொடுத்தாள். அதைப் பார்த்து வனிதாவுக்கு இன்னும் அழுகை வந்தது.

அடுக்கி முடித்தபின்தான் மருதாத்தாள் தன் முடிவைச் சொன்னாள். மறைத்து வைத்தால் பாவம் கூடும். கருக்கம்பதிக்காரர்களிடமே போய், தட்டு வைத்து, நடந்ததைச் சொல்லிவிடுவது. அவர்கள் சாமியை அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும். தண்டம் போட்டால் கட்டுவோம். அதுக்கப்புறம் நீ எங்கீம் போகக் கூடாது என்று அவள் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் வனிதாவுக்குக் கேட்டது.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் காரில், கருக்கம்பதிக்காரர்கள் குடியேறியிருந்த வாய்க்கால்மேட்டுக்குப் போனார்கள். கருக்கம்பதிக் கூட்டத்தில் மூத்தவர் நல்லமுத்து. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பூ. பட்டுச்சேலை கட்டிக்கொண்டு தட்டோடு வந்து இறங்கியவர்களைப் பார்த்து, பெண் கேட்டு வந்திருக்கிறார்கள் என்று அந்த வீட்டில் நினைத்துவிட்டார்கள். பேத்தி உள்ளே ஓடினாள். மோர் வந்தது, முறுக்கு வந்தது. மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் தென்னையில் வெள்ளைப்பூச்சி விழுந்ததைப் பற்றியும் ஆறுமுகசாமியும் நல்லமுத்தும் நிதானமாகப் பேசினார்கள். வனிதா மோரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பேசி முடித்துத் தொலைங்களேன் என்று இருந்தது.

கடைசியில் மருதாத்தாள்தான் எழுந்து நின்று சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. எங்க ஊட்டுப் புள்ள தெரியாமப் பண்ணிப்போட்டுது, தப்புக்கு நாங்க கட்டுப்பட்டவீங்க என்று முடித்தாள். எங்க ஊட்டுப் புள்ள என்று மாமியார் வாயால் வனிதா கேட்டது அதுதான் முதல் தடவை.

நல்லமுத்து மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நேராக வனிதாவைப் பார்த்துக் கேட்டார்.

"எந்த எடத்துல எடுத்தீங்க அம்மிணி? மேடைக்குப் பக்கமா?"

மேடையிலிருந்து தள்ளி, தெற்கே, வேப்பமரத்தடியில் என்றாள் வனிதா. பாதி இடிந்த வட்டச் சுவர் என்றாள். மண் கருப்பாக இருந்தது என்றாள். பெரியவர் சுவர் எவ்வளவு உயரம் என்று கேட்டார். முழங்கால் அளவு என்று காட்டினாள். அவர் முகத்தில் ஏதோ ஓடியது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"நாங்க அந்த ஊர உட்டு வர்றப்பவே எங்கப்பாரு பிடிமண் எடுத்துட்டுத்தானுங்க வந்தாரு. நானும் கூட நடந்து வந்தவந்தான். சாமி இதா, இந்தத் தோட்டத்துலதான் இருக்குது. வருசம் தவறாமப் பொங்க வெக்கறோம். அங்க கல்லுத்தானுங்க கெடக்குது."

மருதாத்தாளுக்கு மனசு ஆறவில்லை. துளியாவது அங்கே மிச்சம் இருந்திருக்காதா என்று கேட்டாள்.

"மிச்சம் வெக்கறதுக்கு அது என்ன சோறுங்களா? சனம் இருக்கற எடத்துல சாமி இருக்கும். ஆருமில்லாத காட்டுல அது ஒத்தைல உக்காந்துட்டு என்ன பண்ணும்?"

அப்புறம் அவரால் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "அந்த வட்டச் சுவரு எங்க ஊட்டு எருக்குழிங்க. எங்கம்மா ஒரு நாள் தப்பாம அதுலதான் சாணி கொட்டுவா."

ஆறுமுகசாமி கையில் இருந்த முறுக்கு அப்படியே நின்றது. நாலு நாளாக எருவுக்குக் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள்; எருவுக்காகச் செருப்பைக் கழற்றியிருக்கிறார்கள்; எருவைத் தாண்ட விடாமல் மெக்கானிக்கைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். முதலில் சிரித்தது மருதாத்தாள்தான். வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். வனிதா மோரை ஒரே மூச்சில் குடித்தாள். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள் ஒருவர் சாமியையும் திருடவில்லை. கை காலெல்லாம் லேசாகிவிட்டது.

தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போக நல்லமுத்து விடவில்லை. தோட்டத்துக் கோயிலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். கும்பிட்டார்கள். நீங்க அந்தப் பக்கம் போறதில்லையா என்று வனிதா கிளம்பும்போது கேட்டாள். அங்க போனா முள்ளுத்தான் ஏறும், எனக்கென்னுங்க வேலை என்றார் அவர்.

அன்றைக்கு மத்தியானமே ஜினோ வந்தான். ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு பல்லி கருகிக் கிடந்தது. அது குறுக்கே விழுந்துதான் மோட்டார் எரிந்திருக்கிறது. மோட்டார் காயிலை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்து மறுநாள் சாயங்காலத்துக்குள் தண்ணீர் எடுத்துவிட்டான். மருதாத்தாள் மஞ்சள் பையைத் தானே எடுத்து வந்து, மண்ணை உள்ளங்கையில் கொட்டி, தேய்த்து, மோந்து பார்த்தாள். அடேயப்பா, ரண்டு தலைமொறை மக்குன எரு என்று சொல்லிவிட்டு, கொல்லையில் வாடிக்கொண்டிருந்த மிளகாய் நாற்றுக்கு அளந்து அளந்து வைத்தாள். வனிதா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கலாமா என்று வாய் வரை வந்தது. கேட்கவில்லை. இப்போதுதான் காய்ந்த புண்ணை எதற்குச் சொறிவது என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு விடிந்தது. பாலைக் கறந்து, சோறாக்கி வைத்துவிட்டு, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஆறுமுகசாமி எதிரே மாட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. பின்னாலிருந்து மருதாத்தாள் வந்தாள். கையில் மடித்த ஒரு சாக்குப்பை. புண்ணாக்கு வந்த சாக்கு, கழுவிக் காயவைத்தது. அதை மருமகளின் மடியில் போட்டாள்.

"மொளகா நாத்து நிமுந்துருச்சு பாத்தியா? ஒரு பிடி எந்த மூலைக்குப் பத்தும்? இதுல கொண்டா. மஞ்சப் பை மட்டும் வேண்டாம் சாமி."

வனிதா நிமிர்ந்து பார்த்தாள். மருதாத்தாள் அதற்குள் கோழிக்குத் தீனி போடத் திரும்பிவிட்டாள். வனிதா ஷூ கயிற்றை இழுத்துக் கட்டினாள்.

சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். பால் சொசைட்டி வாசலில் அதே நாலு பேர் இருந்தார்கள். எங்க அம்மிணி இத்தனை வெள்ளன என்று ஒருவர் கேட்டார்.

"எரு எடுத்தாரப் போறனுங்க" என்றாள் வனிதா.

அப்படியா, போய்ட்டு வாங்க என்று சொல்லிவிட்டு அவர்கள் பாலைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். பஸ் வந்தது. கண்டக்டர் சாக்கைப் பார்த்து வழி விட்டார். வேலந்தாவளம் போய்ச் சேரும்வரை அதற்குமேல் அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.